மாறுவேடத்துக்கு வீட்டிலேயே இருக்கிறது பாதி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாறுவேடத்துக்கு ஒரு பருவம் உண்டு. ஜூலை 15 காமராஜர் பிறந்தநாளில் தொடங்கி சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் நாடகம் என்று ஆண்டு முடியும்வரை அது நீளும். ஒவ்வொன்றுக்கும் கடையில் புதிதாக ஒரு ‘செட்’ வாங்கினால், மேடையில் இரண்டு நிமிடம் நிற்பதற்காக வாங்கிய துணி வீட்டுச் செலவைக் கடிக்கத் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டுக்குள் பிள்ளை வளர்ந்துவிடுவதால் அது மறுபடி உதவுவதும் அரிது. செலவு கூடுவதற்கு இன்னொரு காரணம் அவசரம். பள்ளியிலிருந்து தகவல் வந்து இரண்டே நாள் இருக்கும்போது கடைக்காரர் சொன்னதுதான் விலை.

ஒரு வேடத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று அடையாளங்களைக் கொண்டே இன்னார் என்று கண்டுகொள்கிறார்கள். பாரதிக்கு முண்டாசு, முறுக்கு மீசை, கறுப்புக் கோட்டு. நேருவுக்குத் தொப்பியும் சட்டையில் செருகிய ரோஜாவும். கிருஷ்ணனுக்கு மயிலிறகும் புல்லாங்குழலும். மற்றவை எப்படி இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. தெருக்கூத்துக் கலைஞர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய அணிகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். முகத்தின் வண்ணமும் கிரீடத்தின் அமைப்பும்தான் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆகவே காசு செலவழிக்க வேண்டியது அடையாளப் பொருளுக்கு மட்டுமே. உடம்பை மூடும் துணியைப் பீரோவில் தேடலாம்.

அப்படித் தேடும்போது முதலில் கைக்கு வருவது அப்பாவின் வெள்ளை வேட்டி. அந்த ஒரு வேட்டியில் காந்தி, பாரதி, வள்ளுவர், காமராஜர் என நான்கு வேடங்கள் அடங்கும். காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில். மேலாடை வாங்க வழியில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த வேடத்துக்கென்று பணம் கொடுத்துப் புதுத் துணி எடுப்பதில் பொருத்தமே இல்லை. பழைய வேட்டித் துண்டு, தாத்தாவின் கைத்தடி, கம்பியை வளைத்துச் செய்த வட்டக் கண்ணாடி போதும். வள்ளுவரின் தாடிக்குப் பஞ்சை நேரே கன்னத்தில் ஒட்டக் கூடாது. மெல்லிய துணியைத் தாடி வடிவில் வெட்டி, அதன்மேல் பஞ்சை ஒட்டி, இரு முனையிலும் எலாஸ்டிக் தைத்துக் காதில் மாட்டிவிடலாம். பாரதியின் மீசையைக் கண் மையால் வரையலாம். கோட்டு அண்ணனுடையதாகவோ பக்கத்து வீட்டுப் பையனுடையதாகவோ இருக்கட்டும். சற்றுப் பெரிதாக இருந்தாலும் கையை உள்பக்கம் மடித்துத் தைத்தால் சரியாகிவிடும்.

கிருஷ்ணன் வேடம்தான் பெற்றோரை அதிகம் செலவுக்கு இழுப்பது. மஞ்சள் தாவணியோ துப்பட்டாவோ இருந்தால் அதைப் பஞ்சகச்சமாகக் கட்டலாம். வெட்டாமல், கத்தரி படாமல், நூலோட்டம் மட்டும் போட்டால் மறுநாள் பிரித்து அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். கிரீடத்துக்குக் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை ஏற்றது. தங்கநிறத் தாள் ஒட்டி, உடைந்த வளையலின் கற்களைப் பதித்து, பின்பக்கம் மூடாமல் ரிப்பனால் கட்டும்படி செய்தால் தலை வளர்ந்தாலும் கிரீடம் பொருந்தும், தம்பிக்கும் உதவும். மாலைகளும் ஒட்டியாணமும் கவரிங்காகவே இருக்கட்டும். கூட்டத்தில் நிற்கும் குழந்தைக்குத் தங்க நகை போடுவது ஆபத்து.

கட்டபொம்மன், வேலு நாச்சியார், ஜான்சி ராணி போன்ற வேடங்கள் வேறு வகை. வெல்வெட்டும் சரிகையும் இல்லாமல் அவை எடுபடுவதில்லை. வீட்டில் செய்யப் போனால் வாங்குவதைவிட அதிகமாகிவிடும். இவற்றை வாடகைக்கு எடுப்பதே நல்லது. நாட்டிய உடை, நாடக உடை தரும் கடைகளில் நாள் கணக்கில் வாடகையும் திருப்பித் தரும் முன்பணமும் வாங்குவார்கள். ஆகஸ்ட் 15க்கு முந்தைய வாரம் நல்லவை போய்விடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எடுக்கும்போதே கிழிசலையும் கறையையும் கடைக்காரருக்குக் காட்டிவிட்டால் முன்பணத்தில் பிடித்தம் வராது.

கிறிஸ்துமஸ் நாடகம் இவ்வளவு பாடுபடுத்தாது. இடையருக்குத் தலையில் துண்டும் கையில் கோலும், ஞானிகளுக்கு அம்மாவின் பட்டுப்புடவையைத் தோளில் போட்ட அங்கி, தேவதூதருக்கு வெள்ளைக் கவுனும் அட்டைச் சிறகும். சிறகுகளையும் அங்கிகளையும் ஒரு பெட்டியில் வைத்து ஆண்டுதோறும் எடுத்துக் கொடுக்கும் ஆலயங்கள் உண்டு. பள்ளிகளும் அப்படி ஒரு பெட்டி வைத்தால் பல வீடுகளின் சுமை குறையும். வேடம் வாங்க முடியாததால் போட்டிக்கே பெயர் கொடுக்காத குழந்தைகளும் மேடை ஏறுவார்கள்.

சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு. அது குழந்தையின் முகம். போஸ்டர் கலரும் ஹோலிப் பொடியும் தோலுக்கானவை அல்ல. முகத்துக்கென்றே விற்கும் வண்ணத்தையும் முதல் நாளே மணிக்கட்டின் உள்பக்கம் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பூச வேண்டும். கிருஷ்ணனுக்கு நீலம் பூசாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பஞ்சுத் தாடியும் நைலான் துப்பட்டாவும் சட்டென்று தீப்பற்றும். மேடையில் குத்துவிளக்கு இருந்தால் குழந்தையைத் தள்ளி நிறுத்தும்படி ஆசிரியரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஊக்கு குத்தும் இடங்களில் இரண்டு தையல் போடுவது மேல். வாளும் வேலும் அட்டையில் இருக்கட்டும்.

போட்டி முடிந்த அன்றே தையலைப் பிரித்து, துணிகளைத் துவைத்து, உரியவரிடம் சேர்த்துவிட்டால் அடுத்த முறை கேட்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள். கண்ணாடி, புல்லாங்குழல், மயிலிறகு, தாடி ஆகியவற்றை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைக்கலாம். கிரீடத்துக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் அட்டை நசுங்காது.