பாப்பா பிய்ச்சாலும் பிய்யாத கிறிஸ்துமஸ் மரம்: ஃபெல்ட் துணியும் நாலு நண்பர்களும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

டிசம்பர் வந்தாச்சு. வழக்கமா இங்க அப்ரைசல், சம்பளம், புது ஃபோன்னு பேசுவோம். இந்த வாரம் ஊசி, நூல், துணி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

போன வருஷம் நடந்ததை முதல்ல சொல்லிடறேன். காலேஜ் தோழி ஒருத்தி வீட்ல கிறிஸ்துமஸ். அவ பொண்ணுக்கு அப்போ ஒன்றே கால் வயசு. வெறுங்கையோட போக வேண்டாமேன்னு, ஒரு வீடியோ பார்த்து ஃபெல்ட் துணியில மான் பொம்மை ஒண்ணு செஞ்சு எடுத்துட்டுப் போனேன். ஆடுற பிளாஸ்டிக் கண்ணு, சிவப்பு மூக்கு, கழுத்துல முத்து. எல்லாமே குளூ கன்ல ஒட்டினது. மரத்துல மாட்டினோம், ஃபோட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பத்து நிமிஷத்துல பாப்பா மானை இழுத்து, ஒரு கண்ணைப் பிய்ச்சு வாய்ல போட்டுட்டா. அவ பாட்டிதான் பார்த்தாங்க. வாயைத் திறக்க வெச்சு, நாக்கு மேல தெரிஞ்சதை எடுத்தாங்க. ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிக்கு ராத்திரி பைக் ஓட்டிட்டு வரும்போது எனக்குக் கை நடுங்கிச்சு. நான் எழுதுற கோட்ல தப்பு இருந்தா ஒரு டிக்கெட் வரும், சரி பண்ணிடலாம். இது அப்படி இல்லையே.

இந்த வருஷம் நவம்பர்ல அவளே கூப்பிட்டா. "இந்தத் தடவையும் நீதான்டா செய்யணும். ஆனா நாங்களும் கூட உட்காருவோம்"னா. அப்படி ஆரம்பிச்சதுதான் இது. நாலு பேர், மூணு சனிக்கிழமை, ஒரு மரம், 21 பொம்மை. கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

ஃபெல்ட்னா என்ன, ஏன் அது?

சாதாரணத் துணியில பாவு, ஊடுன்னு ரெண்டு திசையில நூல் ஓடும். கத்தரியால வெட்டினா ஓரத்துல நூல் பிரியும். அதனால மடிச்சுத் தைக்கணும். ஃபெல்ட்ல நெசவே கிடையாது. இழைகள் தாறுமாறா ஒண்ணோட ஒண்ணு சிக்கி, அழுத்தி வெச்ச ஒரு படலம் அது. எந்த வடிவத்துல வெட்டினாலும் ஓரம் பிரியாது. புதுசா தைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது.

அசல் ஃபெல்ட் ஆட்டு ரோமத்துல செய்றது. ரோம இழை மேல ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நுண்ணிய செதில் இருக்கும். சுடுதண்ணி, சோப்பு, தேய்ப்பு மூணும் சேர்ந்தா அந்தச் செதில்கள் ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கும். திரும்பப் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரைச் சூடான தண்ணியில மெஷின்ல போட்டா குழந்தை சைஸுக்குச் சுருங்கி வருதே, அதுவும் இதே சமாசாரம்தான். ரொம்பப் பழைய தொழில் இது. சைபீரியாவுல அல்தாய் மலைப்பக்கம் பாஸிரிக்னு ஒரு இடத்துல, பனியில உறைஞ்ச கல்லறைகளுக்குள்ள 2,000 வருஷத்துக்கு மேல பழைய ஃபெல்ட் துணிகள் வண்ணத்தோடயே கிடைச்சிருக்கு.

நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோர்ல ஏ4 சைஸ்ல விக்கிற ஃபெல்ட் பெரும்பாலும் பாலியஸ்டர் இல்ல அக்ரிலிக். முள்ளு வெச்ச ஆயிரக்கணக்கான ஊசிகளால குத்திக் குத்தி இழைகளைச் சிக்க வைக்கிறாங்க. விலை கம்மி, துவைக்கலாம், குழந்தைப் பொம்மைக்குப் போதும்.

மரத்தையே துணியில செஞ்சுட்டா?

எங்க முதல் முடிவு, நிக்கிற மரமே வேண்டாம். பிளாஸ்டிக் மரத்தைப் பாப்பா இழுத்தா அவ மேலயே விழும். பொம்மையை மாட்டக் கம்பிக் கொக்கி வேணும், சீரியல் லைட் ஒயர் கைக்கு எட்டும். அதனால சுவத்துல தொங்கற ஃபெல்ட் மரம்.

இந்த யோசனை எங்களோடது இல்ல, தோழியோட அம்மாவோடது. "எங்க சண்டே ஸ்கூல்ல ஃபிளானல் போர்டுன்னு ஒண்ணு இருக்கும்பா. துணி ஒட்டின பலகை. டீச்சர் கதை சொல்லிக்கிட்டே ஆடு, மேய்ப்பன், நட்சத்திரம்னு ஒண்ணொண்ணா வைப்பாங்க. பசையே இல்லாம நிக்கும்"னு ஆன்ட்டி சொன்னாங்க. காரணம் சிம்பிள். ரெண்டு சொரசொரத் துணியோட மேல் இழைகள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்குது. மெல்லிசான, எடை இல்லாத துண்டுன்னா அந்தப் பிடிப்பே போதும்.

ஆனா நாங்க செய்றது பஞ்சு வெச்ச பொம்மை, எடை ஜாஸ்தி. அதுக்கு வெல்க்ரோ. காட்டுல நடந்தா நாயுருவி விதை வேட்டியில ஒட்டுமே, அந்த மாதிரி விதைகளைப் பார்த்துத்தான் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல்ங்கிற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் வெல்க்ரோவைக் கண்டுபிடிச்சார். 1955-ல பேட்டன்ட் வாங்கினார். வெல்க்ரோவுல கொக்கி இருக்கிற சொரசொரப் பக்கம் மட்டும் போதும். மெத்துன்னு இருக்கிற இன்னொரு பக்கத்தோட வேலையை ஃபெல்ட் மரமே பார்த்துக்கும். ரொம்ப வழவழப்பான ஃபெல்ட்ல சில சமயம் பிடிக்காது, அதனால கடையிலயே ஒட்டிப் பார்த்து வாங்குங்க. பின்னாடி பசை வெச்ச வெல்க்ரோ வாங்காதீங்க. அது உரிஞ்சு வரும், தைச்சா ஊசியும் பிசுபிசுன்னு ஆகும். சாதா வெல்க்ரோவை வாங்கி நாலு பக்கமும் தைங்க.

மரம் ஒரு மீட்டர் உயரம். மேல ஒரு மடிப்புத் தைச்சு, அதுக்குள்ள ஒரு குச்சியைச் செருகி, ரெண்டு ஆணி மேல வெச்சோம். ஆணி பாப்பாவுக்கு எட்டாத உயரம். தொங்கற கயிறு எங்கயும் இல்ல. மரத்தோட அடிப்பக்கம் மட்டும் அவ உட்கார்ந்தாலே கை எட்டும்.

என்னென்ன வாங்கணும்

பாரிமுனை பக்கம் தையல் சாமான் கடைகள்ல எல்லாமே கிடைக்கும். மரத்துக்கு மீட்டர் கணக்குல பச்சை ஃபெல்ட். பொம்மைக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துல, மடிச்சா மடங்குற மென்மையான ரகம். அட்டை மாதிரி விறைப்பா ஒரு ரகம் வரும், அது கையால தைக்கக் கஷ்டம். எம்பிராய்டரி நூல், ஊசி, வெல்க்ரோ, உள்ள அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு நல்லதுதான், ஆனா துவைச்சா கட்டி கட்டியா ஆகிடும்.

கத்தரி விஷயத்துல எங்க அம்மா சொன்னது சரி. துணிக் கத்தரியால பேப்பர் வெட்டக் கூடாது. பேப்பர்ல சுண்ணாம்பு, களிமண் மாதிரி தாதுப்பொடி கலந்திருக்கும், அது முனையை மழுங்கடிக்கும்.

வெட்டறதும் தைக்கிறதும்

முதல்ல பழைய அட்டைப் பெட்டியில வடிவம் வெட்டிக்கோங்க. அதை ஃபெல்ட் மேல வெச்சு, தேஞ்சு போன சோப்புத் துண்டால ஓரம் வரைங்க. டெய்லர் செய்ற அதே வேலை. பேனா மை போகாது, சோப்பு போயிடும். ஒவ்வொரு பொம்மைக்கும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு துண்டு. கண்ணு, வாய், டிசைன் எல்லாத்தையும் முன் துண்டுல நூலாலயே போடுங்க. பின் துண்டுல வெல்க்ரோ. ரெண்டையும் சேர்க்கிறதுக்கு முன்னாடியே இதை முடிச்சா முடிச்சு எல்லாம் உள்பக்கம் மறைஞ்சிடும்.

எம்பிராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும். மூணு இழையைப் பிரிச்சு எடுங்க. நீளம் ஒரு முழம் போதும், அதுக்கு மேல எடுத்தா சிக்கும். ஓரத்துக்குப் பிளாங்கெட் தையல். சட்டை பட்டன் ஓட்டைக்குப் போடற காஜா தையலோட தம்பி அது. காஜா நெருக்கமா இருக்கும், இதுல 4 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். ஒவ்வொரு குத்துலயும் நூல் வளையத்துக்குள்ள ஊசியை விட்டு இழுக்கிறதால, ஓரம் முழுக்க ஒரு வேலி மாதிரி நூல் ஓடும். 3 சென்டிமீட்டர் வாய் விட்டு, பஞ்சு அடைச்சு, மூடிடுங்க.

முதல்ல நாங்க ஃபேக்டரி மாதிரி வேலையைப் பிரிச்சோம். ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் தைக்க, ஒருத்தர் பஞ்சு அடைக்க. ஒரு மணி நேரத்துல வெட்டறவன் ஃபோன் நோண்ட ஆரம்பிச்சுட்டான், தைக்கிறவ முன்னாடி குவியல். தையல்தான் இங்க நேரம் பிடிக்கிற வேலை. அதுக்கப்புறம் வெட்டறதை மட்டும் மொத்தமா முடிச்சுட்டு எல்லாரும் தைக்க உட்கார்ந்தோம். முதல் நட்சத்திரத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில ஒரு பொம்மை 40 நிமிஷம்.

கை வேலையா இருந்தா வாய் தானா திறக்குது. எங்கள்ல ஒருத்தனுக்கு அக்டோபர்லயே வேலை போயிருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல டெய்லி மீம் போட்டுக்கிட்டு இருந்தவன், இதைச் சொல்லவே இல்ல. ரெண்டாவது சனிக்கிழமை, ஆட்டுக்குக் காது தைச்சுக்கிட்டே, தலை நிமிராம சொன்னான். யாரும் உடனே அட்வைஸ் பண்ணலை. எல்லாரும் ஊசியைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு "ரெஸ்யூம் அனுப்புடா"ன்னு மட்டும் சொன்னேன். அன்னிக்கே அனுப்பினான்.

ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்டிங்

இதுதான் முக்கியம். தூங்கி வழிஞ்சவங்க எழுந்துக்கோங்க.

ஒண்ணு, அளவு. 3 வயசுக்குக் குறைஞ்ச குழந்தைகளோட பொம்மைக்குத் தரச் சோதனையில ஒரு சின்ன உருளை வெச்சிருப்பாங்க. விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதுக்குள்ள முழுசா அடங்குற எதுவும் தொண்டையில அடைக்கலாம், கொடுக்கக் கூடாது. வீட்ல டிஷ்யூ ரோலோட நடு அட்டைக் குழாயை வெச்சுப் பாருங்க. அது கொஞ்சம் பெருசு, அதனால இன்னும் கறாரான சோதனை. எங்க பொம்மை எல்லாமே 7 சென்டிமீட்டருக்கு மேல. போன வருஷ மானோட மிச்சக் கண்ணையும் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லாம உள்ள விழுந்துச்சு.

ரெண்டு, இழுவை. ஐரோப்பிய பொம்மைத் தரத்துல பிய்யக்கூடிய பாகத்தை 90 நியூட்டன் வரை இழுத்துப் பார்க்கிறாங்க. ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. வீட்ல அளக்கக் கருவி இல்ல, அதனால எங்கள்ல பலசாலி ஒருத்தன் ரெண்டு கையாலயும் முழு பலத்தோட இழுத்தான். 21-ல ரெண்டு தோத்துச்சு, ஒரு மணி, ஒரு நட்சத்திரம். ரெண்டும் நான் தைச்சது. பிரிச்சு மறுபடி தைச்சேன்.

மூணு, ஊசிக் கணக்கு. உட்காரும்போது எண்ணி எடுக்கணும், எழும்போது எண்ணி வைக்கணும். ஒண்ணு குறைஞ்சா யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. காந்தத்தைத் தரையில ஓட்டித் தேடுங்க.

சேர்க்கவே கூடாதது: முத்து, பட்டன், பிளாஸ்டிக் கண்ணு, ஜிகினா, காந்தம், பட்டன் பேட்டரி வெச்ச லைட்டு. பட்டன் பேட்டரியை முழுங்கினா உணவுக்குழாய்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கடுமையான புண்ணு வரலாம். சந்தேகம்னாலே, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாய்ல எது சிக்கினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடுங்க. தெரியாம விரலை விட்டுத் துழாவினா உள்ள தள்ளிடுவோம்.

குழந்தைக்கும் வேலை கொடுங்க

2 வயசுன்னா கலர் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், பஞ்சை அடைக்க விடலாம். பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும், பஞ்சும் வாய்க்குப் போகும். 4, 5 வயசுக்கு, முன்கூட்டியே ஓட்டை போட்ட துண்டும் மழுங்கின பெரிய பிளாஸ்டிக் ஊசியும். 7, 8 வயசுல பிளாங்கெட் தையலே வந்துடும்.

அழுக்கானா பச்சைத் தண்ணியில கையால அலசி, பிழியாம நிழல்ல காய வைங்க. இஸ்திரி வேண்டாம், செயற்கை இழை உருகும். அதே காரணத்தால மெழுகுவர்த்திப் பக்கத்துல இந்த மரத்தை மாட்டவே கூடாது.

மூணாவது சனிக்கிழமை ராத்திரி மாட்டினோம். ஆறு நட்சத்திரம், நாலு ஆடு, நாலு மணி, மூணு ஞானிகள், மூணு கேக் துண்டு, ரெண்டு... இல்ல, ஒரே ஒரு ஒட்டகம். ரெண்டாவது ஒட்டகம் யாருக்கும் தைக்க வரலை. பாப்பாவுக்கு இப்போ ரெண்டே கால் வயசு. நேரா வந்து ஒரு ஆட்டைப் பிய்ச்சு வாய்ல வெச்சா. நாங்க நாலு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தோம். நல்லா கடிச்சா, எச்சிலோட வெளிய எடுத்தா, மரத்தோட உச்சியில வைக்கணும்னு கையைத் தூக்கினா. எட்டலை. வேலை தேடிக்கிட்டு இருக்கிற நம்ம ஆள்தான் அவளைத் தூக்கிப் பிடிச்சான். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்துல இப்போ ஒரு ஈர ஆடு இருக்கு. அப்படியே இருக்கட்டும்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க.

நீங்க செஞ்சா எங்களுக்கு ஃபோட்டோ அனுப்புங்க. இழுத்துப் பார்த்துட்டு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம், டாட்டா!