கான்கிரீட்டுக்குள் கம்பி நகரலாமா?

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் நீண்டு செல்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். பாறைக் கற்களைக் கொட்டிக் குவித்து எழுப்பப்பட்டவை அவை. கல்லின் எடையே அவற்றின் பலம். ஆனால் தூண்களின்மேல் கான்கிரீட் தளம் போட்டுக் கப்பலை அணைக்கும் துறைமேடையைக் கம்பியில்லாமல் கட்ட முடியாது. உங்கள் வீட்டுக் கூரைத் தளமும் அப்படித்தான். ஏன் இந்த வேறுபாடு?

விடை எளிது. கான்கிரீட் என்னும் கற்காரை, அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அதற்கு இழுவையைத் தாங்கும் திறன். ஓர் அழி ரப்பரை எடுத்து, அதன் பக்கவாட்டில் நெருக்கமாகச் சில செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். இரு முனைகளையும் கீழ்நோக்கி வளையுங்கள். மேற்புறத்தில் கோடுகள் விலகும், அடிப்புறத்தில் நெருங்கும். முனைகளை மேல்நோக்கி வளைத்தால் எல்லாம் தலைகீழாகும். விலகும் பக்கம் இழுபடுகிறது. நெருங்கும் பக்கம் அமுங்குகிறது.

இரு சுவர்களின்மேல் நிற்கும் தளம் நடுவில் கீழ்நோக்கித் தொய்யும். ஆகவே அங்கு இழுபடுவது அடிப்புறம். கம்பியும் அடிப்புறத்தில் இருக்க வேண்டும். சன்னலுக்கு மேலே ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்து நீண்டிருக்கும் 'சன்ஷேடு' அப்படியன்று. அதில் இழுபடுவது மேற்புறம். கம்பியும் மேற்புறத்தில்தான் இருக்க வேண்டும். 1867இல் பாரிசு நகரத் தோட்டக்காரர் ஜோசப் மோனியர், இரும்புக் கம்பி வலையைச் சிமெண்டில் பதித்துச் செய்த தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பும் கற்காரையும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் இந்த இணைவு நிலைக்கிறது.

கட்டு எதற்கு?

கட்டட வேலை நடக்கும் இடத்தில், கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்குமிடங்களில் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் முறுக்குவதைக் கண்டிருப்பீர்கள். இந்தக் கட்டுகள்தாம் கட்டடத்திற்கு வலுவூட்டுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மீனவர் வலையில் ஒவ்வொரு முடிச்சும் மீனின் இழுப்பை வலையின் ஆயுள் முழுதும் தாங்க வேண்டும். கம்பிக் கட்டின் வேலையோ சில மணி நேர வேலை. கற்காரை இறுகியபின் கம்பியின் மேலுள்ள வரிமேடுகளை அதுவே கவ்விக் கொள்கிறது. அதன்பின் கட்டுக்கு வேலையில்லை.

ஆயினும் அந்தச் சில மணி நேரம்தான் முக்கியமானது. கம்பிகளின்மேல் ஆட்கள் நடக்கிறார்கள், பாண்டு பாண்டாகக் கலவை வந்து விழுகிறது, வைப்ரேட்டர் அதிர்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு கம்பியும் பொறியாளர் குறித்த இடத்திலேயே நின்றாக வேண்டும். கட்டுக்கம்பியைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கியிருப்பார்கள். அதனால் முறுக்கும்போது அறுந்து போகாது. விட்டவுடன் பின்னோக்கி அவிழவும் செய்யாது. தளத்தின் ஓரங்களில் எல்லாச் சந்திப்புகளையும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றையும் கட்டுவது வழக்கம்.

கம்பி நகர்ந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிமீட்டர் தடிப்புள்ள சன்ஷேடு. கம்பியின் மையம் மேற்பரப்பிலிருந்து 25 மி.மீ. ஆழத்தில். எனவே அடிப்பரப்பிலிருந்து கம்பி 75 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. வளைவை எதிர்க்கும் திறன் பெரிதும் இந்த உயரத்தைப் பொறுத்தது. கலவை போடும்போது யாரோ கம்பியை மிதிக்க, அது 25 மி.மீ. கீழே இறங்கிவிட்டது என்று கொள்வோம். 75 என்பது 50 ஆகிறது. அதே கம்பி, அதே சிமெண்ட். ஆனால் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விட்டது. அடிவரை இறங்கிவிட்டாலோ, கம்பியே இல்லாத சன்ஷேடும் அதுவும் ஒன்றுதான். முட்டுப்பலகையைப் பிரிக்கும்போது அது கீழே நிற்பவர் தலைமேல் விழக்கூடும்.

உப்பும் மூடுகனமும்

கடற்கரையில் இன்னொரு பகைவனும் உண்டு. அதுதான் உப்பு. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது.

புதிய கற்காரை மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரச் சூழலில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. இந்தக் காப்பு இரண்டு வழிகளில் அழிகிறது. ஒன்று, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் நுண்துளைகள் வழியே ஊடுருவிப் படலத்தைத் துளைப்பது. மற்றொன்று, காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து, கற்காரையிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுவது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி தன் ஓட்டையும் முத்தையும் ஆக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கால்சியம் கார்பனேட்டால்தான்! சிப்பியை அது காக்கிறது. கம்பியைக் காக்க அதற்குப் போதிய காரத்தன்மை இல்லை.

படலம் போனபின் துரு தொடங்கும். துருவின் பருமன் அது அழித்த இரும்பின் பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தால் கற்காரை வெடித்துப் பாளம் பாளமாக உதிர்கிறது. கடற்கரை ஊர்களின் பழைய கட்டடங்களில் உத்தரத்தின் அடியில் பழுப்புக் கோடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஆகவேதான் கம்பிக்கு வெளியே கற்காரை இத்தனை கனம் மூடியிருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். இந்தியத் தர விதி 456, அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், மிதமான உட்புறச் சூழலுக்கு 20 மி.மீ. மூடுகனம் கேட்கிறது. கடற்கரைச் சூழலுக்கு 45. கடல்நீர்த் திவலை படும் பரப்புக்கு 50. ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்கு 75.

இங்கும் கம்பி நகர்வதன் கேடு பெரிது. உப்பு ஊடுருவும் காலம் ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறத்தாழ மாறுகிறது. 45 மி.மீ. இருக்க வேண்டிய மூடுகனம், கம்பி சரிந்ததால் பாதியாகிவிட்டால், உப்பு கம்பியை அடையும் காலம் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழக் கால்பங்காகக் குறைகிறது. 40 ஆண்டு தாங்க வேண்டியது 10 ஆண்டில் பழுதாகத் தொடங்கும்.

கம்பியை உயர்த்தி நிறுத்தக் கவர் பிளாக்குகளை அடியில் வைக்கிறார்கள். அவை நல்ல சிமெண்டுக் கலவையால் ஆனவையாக இருக்க வேண்டும். செங்கல் துண்டை வைத்தால் அது நீரை உறிஞ்சிக் கம்பிக்கு வழிகாட்டும். முறுக்கிய கட்டுக்கம்பியின் நுனியை உட்பக்கமாக மடக்கிவிட வேண்டும். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், முதலில் துருப்பிடிப்பது அந்த நுனிதான்.

நம் கடற்கரை தரும் பாடம்

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. உலோக அரிப்பு அதன் முக்கிய ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்று. கம்பிகளுக்குப் பூசும் காப்புப் பூச்சுகளை அந்நிலையம் உருவாக்கியிருக்கிறது. அதே மன்னார் வளைகுடாவை ஒட்டிய பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. அதன் அருகே கட்டப்பட்டு 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் பயன்பட்டுள்ளன. மெக்சிகோ நாட்டின் புரோகிரெசோ துறைப்பாலத்தில் அத்தகைய எஃகை 1937–41 ஆண்டுகளிலேயே பயன்படுத்தினார்கள். அஃது இன்றும் நிற்கிறது.

ஆனால் அந்த எஃகு விலை மிகுந்தது. நம் வீடுகளுக்கு எட்டாது. மேலும், எந்த எஃகானாலும் இடம் மாறிய கம்பி தன் வேலையைச் செய்யாது. துருவை எஃகு தடுக்கலாம். நகர்வைத் தடுப்பது கட்டும் கவர் பிளாக்கும்தான்.

உங்கள் வீட்டில் கற்காரை போடும் நாள் வந்தால், கலவை கொட்டுவதற்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அளவுகோலை எடுத்து மூடுகனத்தை அளந்து பாருங்கள். கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். சன்ஷேடில் கம்பி மேற்புறம் இருக்கிறதா, அதைத் தாங்க அடியில் முட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்கள் நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதைச் சோதிக்காமல் கலவைக்கு ஊற்றாதீர்கள். கம்பியிட்ட கற்காரைக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. கடல்நீரிலோ அஃது ஏறத்தாழ 19,000.

கம்பி கட்டும் தொழிலாளி குனிந்த முதுகோடு வெயிலில் முறுக்கும் ஒவ்வொரு கட்டும், மாலைக்குள் கற்காரையில் மூடுண்டு மறைந்துவிடும். அதன்பின் எவராலும் அதை எளிதில் சரிபார்க்கவோ திருத்தவோ முடியாது. பார்க்க வேண்டியதை அதற்குமுன் பார்த்துவிடுங்கள்.