ஜன்னலோரத் தொட்டியில் வெயில் இல்லை

"சம்பா நடவு வயலில் பையன் பிடிச்சுட்டு வந்தான். மீன் தொட்டியில விட்டு, ஜன்னலோரம் நல்ல வெயில்ல வெச்சிருக்கோம். பொரி போட்டா திங்குது. வேற என்ன செய்யணும்?" திருவையாறு பக்கத்து வாசகர் ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார். படத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் பால் ஆமைக் குட்டி. பின்னங்கால்களை உள்ளே இழுத்து, அடியோட்டின் இரண்டு மடல்களால் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இதுவும் இருக்கிறது. வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆமையும் அமீனாவும் பழமொழியில் தனித்தனியாகப் புகுவார்கள். இங்கே சேர்ந்தே வரலாம்.

எனக்கு உறுத்தியது அந்த 'நல்ல வெயில்'தான். கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், சூடும் வரும். ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புறஊதா பி கதிர் மட்டும் அநேகமாக வாசலிலேயே நின்றுவிடும். தோலிலுள்ள கொழுப்புச் சேர்மம் ஒன்றை வைட்டமின் டி3யின் முன்வடிவமாக உடைப்பது அந்தக் கதிர்தான். மிச்சத்தை உடல் சூடும், பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் முடிக்கும். டி3 இல்லையென்றால் குடலில் கால்சியம் சரியாக ஏறாது.

ஏறாவிட்டால்? ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறைந்தால் தசை துடிக்கும், இதயம் தடுமாறும். களத்து நெல் வரவில்லை, அன்றாடச் சோறு வேண்டும் என்றால் பழைய மிராசு வீட்டில் என்ன செய்வார்கள்? பத்தாயத்தைத் திறப்பார்கள். உடலுக்கு எலும்புதான் கால்சியப் பத்தாயம், பாராதைராய்டு ஹார்மோன்தான் அந்த வீட்டுக் காரியஸ்தர். ஆனால் ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒட்டிய எலும்பு. அங்கே பத்தாயத்தின் பலகையே நெல்லால் செய்தது. காரியஸ்தர் நாளுக்கொரு பலகையைப் பெயர்த்து உலையில் போடுகிறார். வீட்டில் சோறு வெந்துகொண்டே இருக்கிறது, பத்தாயம் சாய்கிறது. (உவமையை இதற்கு மேல் இழுத்தால் அடுப்பும் நெல்லாகிவிடும்.)

பொரியோ இதை மோசமாக்கும். அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. போதாததற்கு, பால் ஆமைக் குட்டியின் ஓட்டு விளிம்பு இயல்பிலேயே மெத்தென்றிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறுவது எளிது.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1919இல் பெர்லினில் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் நோய்க் குழந்தைகளுக்குப் புறஊதா விளக்குக் காட்டி எலும்பைத் தேற்றினார். 1928இல் வைட்டமின் டி ஆய்வில் ஈடுபட்ட அடால்ஃப் விண்டாஸுக்கு நோபல். போதும்.

'ஆமைக்கென்றே' விளக்கு விற்கிறார்கள். சிவப்புக் காது ஆமைகளுக்குப் புறஊதா பி விளக்குக் காட்டியபோது ரத்தத்தில் வைட்டமின் டி கூடியது, உண்மை. ஆனால் அந்த விளக்கு சில மாதங்களில் கதிரை இழந்துவிடும், வெளிச்சத்தை இழக்காது. எரிகிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்போம். அதையும் தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேலே வைத்தால் மின்கட்டணம்தான் மிச்சம். 'ஓடு வளர' என்று பாட்டிலில் வரும் சொட்டு மருந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நேற்றோ முந்தாநாளோ பிடித்த குட்டி என்றால், எடுத்த அதே வயல் வாய்க்காலில் விட்டுவிடுங்கள். சேறும், ஓட்டோடு கடித்துத் தின்ன நத்தையும் அங்கே கிடைக்கும். மாதக்கணக்காகிவிட்டதென்றால் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். பையனைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், சால்மொனெல்லா இருக்கலாம். மிச்சப் பொரியை மீனுக்குப் போடலாம்.