கடையநல்லூரில் எத்தனை எழுத்து?

கடையநல்லூர் என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? க, டை, ய, ந, ல், லூ, ர். மொத்தம் 7 என்பீர்கள். கணிப்பொறியைக் கேட்டால் 11 என்று சொல்லும். சில வேளை 33 என்றும் சொல்லும்! மூன்று விடைகளுமே சரி. எப்படி?

1991-இல் வெளிவந்த ஒருங்குறி முறையில் ‘ட’வுக்குத் தனி எண் உண்டு, ‘டை’க்கு இல்லை. ‘ட’வுக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண், ஆக இரண்டு. ல், லூ, ர் ஆகியவையும் இப்படியே. எனவே 7 எழுத்துகள் 11 எண்கள் ஆகின்றன. யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் எண்ணும் 3 பைட் இடம் பிடிக்கிறது. 11 × 3 = 33.

இதனால் என்ன தொல்லை? கடையநல்லூரில் இரத்ததான முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே செய்தியைப் பல சமூக வலைத்தளங்களுக்கும் அனுப்ப ஒரு நிரல் எழுதுகிறோம். வெளி நிரல்கள் உள்ளே வர, ஒவ்வொரு தளமும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதுவே நிரல் இடைமுகம்.

செய்தியின் முதற்சொல் ‘கடையநல்லூர்’. அதைத் தொட்டால் முகாமின் வரைபடம் திறக்க வேண்டும். சொல்லின் நீளத்தை டெலிகிராமின் இடைமுகத்திடம் 11 என்று கூற வேண்டும். புளூஸ்கையோ பைட்டுகளை எண்ணுகிறது; அங்கே 33. மறந்துபோய் அங்கும் 11 என்று கொடுத்தால்? முதல் 9 பைட்டில் ‘கடை’ முடிந்துவிடும். மீதி 2 பைட் ‘ய’வின் நடுவில் வெட்டும். இணைப்பு சிதையும், வழி தேடுபவர் திகைப்பார்.

நீள வரம்பிலும் இதே கதைதான். புளூஸ்கையில் வரம்பு 300. அங்கே நம் ஊர்ப்பெயர் 7 ஆகவே கணக்காகும். எக்ஸ் தளத்தின் சாதாரணக் கணக்குகளில் வரம்பு 280. அங்கே அதே பெயர் 11!

தீர்வு என்ன? வீட்டில் துணியை முழம் போட்டு அளந்தாலும், கடையில் மீட்டரில் கேட்கிறோம் அல்லவா? அதுபோல, நிரல் தன்னுள்ளே ஒரே அளவையை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறு ‘மொழிபெயர்ப்பாளர்’ நின்று, அந்தத் தளத்தின் அளவைக்கு மாற்றித் தர வேண்டும். தளத்தின் விதி மாறினால் அந்த ஒருவரை மட்டும் திருத்தினால் போதும். ஒரு தளத்தில் இல்லாத வசதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடாமல், அனுப்புபவரிடம் முன்னரே சொல்லிவிடவும் வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை தெரியாது. அங்கே ஓர் எழுத்துக்கு ஓர் எண், ஒரு பைட். தமிழில் சோதித்தால்தான் அகப்படும்.

இப்போது உங்கள் ஊர்ப்பெயரை மூன்று விதமாகவும் எண்ணிப் பாருங்கள்!