1944: ஒரு சிறிய இனத்தின் பாட்டு நாட்டின் பாட்டானது எப்படி?

மே 18 போரில் இறந்தோரை நினைவுகூரும் நாள் என்று இலங்கையின் நெடுங்கேணியில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவின் தாத்தார் மக்களுக்கும் அது துயர நாள்தான். 1944 மே 18 அதிகாலையில் ஸ்டாலினின் ஆணையோடு படையினர் வந்து கதவுகளைத் தட்டினர். மூன்றே நாளில் சுமார் 1,90,000 பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஐந்து பிள்ளைகளோடு ஏற்றப்பட்ட ஒரு தாய் வழியிலேயே மகள் ஒருத்தியைப் பறிகொடுத்தார். அந்தத் தாயின் பூட்டப்பிள்ளைதான் பாடகி ஜமாலா. பூட்டியின் கதையிலிருந்து அவர் எழுதிய ‘1944’ என்ற பாடல், 2016இல் உக்ரைனின் பாடலாக யூரோவிஷன் மேடை ஏறியது.

யூரோவிஷன் 1956இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கிய பாடல் போட்டி. நாட்டின் பாடல் என்று சொன்னாலும் அதைத் தெரிவு செய்வது அரசாங்கம் அல்ல, அந்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம். சில நிறுவனங்கள் போட்டி வைக்காமல் தாங்களே ஆளைத் தெரிவு செய்துவிடும். 2015இல் முதன்முறை அழைக்கப்பட்ட அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். நிறுவனம் பாடகர் கை செபஸ்டியனை அப்படித்தான் அனுப்பியது. மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தந்தை வழியில் தமிழ் வேர் உள்ளவர். வியன்னாவில் ஐந்தாம் இடம் பெற்றார். நாங்கள் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

2016இல் உக்ரைனோ மக்கள் முன்னிலையில் தேசியப் போட்டி நடத்தியது. இறுதியில் ஜமாலாவும் ‘த ஹார்ட்கிஸ்’ குழுவும் சமபுள்ளியில் நின்றபோது, பார்வையாளர் வாக்கு ஜமாலாவைத் தெரிவு செய்தது.

ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ரஷ்யத் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அரசியல் வரிகளுக்குப் போட்டி விதிகளில் இடமில்லை. ஆனால் தலைப்பிலோ வரிகளிலோ அரசியல் பேச்சு இல்லை என்று போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் முடிவு செய்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. செத்துப்போன பிள்ளையை நினைத்து அழுவது பிரசாரம் ஆகாது.

பாட்டு ஆங்கிலத்தில் நடக்கிறது. திரும்பத் திரும்ப வரும் பகுதி கிரிமியத் தாத்தார் மொழி. பெரும்பான்மையினரின் உக்ரைனிய மொழியில் ஒரு வரியும் இல்லை. அப்படியிருந்தும் உக்ரைன் மக்கள் அதைத் தங்கள் பாட்டாக அனுப்பினார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மே 14இல் ஸ்டொக்ஹோமில் இறுதிச்சுற்று. நடுவர் புள்ளிகளில் அவுஸ்திரேலியாவின் டமி இம் முதலிடம், பார்வையாளர் வாக்கில் ரஷ்யாவின் சேர்கேய் லாசரேவ் முதலிடம். இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக வந்த ஜமாலாவே கூட்டிப் பார்த்தபோது 534 புள்ளிகளோடு வென்றார். அவுஸ்திரேலியாவுக்கு 511, ரஷ்யாவுக்கு 491.

சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்காக விதிகளையும் சொல்லிவிடுகிறேன். பாடல் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்க முடியாது. பாடுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த நாட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று போட்டி கேட்பதில்லை. 1988இல் சுவிற்சர்லாந்துக்கு வெற்றி தேடித்தந்த செலின் டியோன் கனடாக்காரர். 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். தமிழிலும் பாடலாம்.