காலிக் கூண்டு சுத்தமான கூண்டல்ல

நாமக்கல் முட்டை கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்கிறது. திரும்பி வரும் காலித் தட்டுகளோடும் கூண்டுகளோடும் கோழிச் சிவப்பு உண்ணியும் வரக்கூடும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இப்பூச்சி பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்தால் சிவந்து, இடுக்குக்கே திரும்பி முட்டையிடும். பசித்தாலோ சாம்பல் நிறமாகி, உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து கோழியைத் தேடி வரும். கோழி கிடைக்காவிட்டால் கடைப்பையனையும் கடிக்கும். குளிர்ந்த இடத்தில் எட்டு மாதம் வரை பட்டினி தாங்கும்.

ஆகவே, கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டால் போதும் என்றிருக்க வேண்டாம். இடுக்குகளைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைப்போம். முட்டை ஓட்டில் செம்புள்ளி கண்டால் தட்டையும் சோதிப்போம். பட்டினி கிடக்கும் உண்ணிக்கு அடுத்த லோடு கோழி விருந்து, நட்டமோ நமக்கு!