தனிப்பானை

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கொரு குடிநீர்க் குழாயும் கறுப்பருக்கொரு குழாயும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இருந்தன என வாசித்து வியக்கிறோம். வியப்பதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

சிதம்பரத்தை அடுத்த காட்டுமன்னார்கோயிலில் 1924-இல் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் பயின்ற பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவருக்கெனத் தனிப்பானை வைக்கப்பட்டிருந்தது. சிறுவன் அதை உடைத்தான். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தான். (தனிக்கல்லறை வைத்திருந்த சபைகளும் நம்மிடையே உண்டாகையால், இதைக் கேட்டு நாமும் வெட்கப்பட வேண்டியவர்களே.)

1952-இல் கடலூரிலிருந்தும் 1957-இல் சிதம்பரத்திலிருந்தும் அவர் மக்களவைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1965-இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஆய்வுக் குழுவின் தலைவரானார். அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்து 19 ஆண்டுகள் சென்றபின், 1969-இல் அக்குழு அளித்த அறிக்கையிலும் கிணறுகளும் தேநீர்க்கடைக் குவளைகளும் தனித்தனியாகவே இருந்தன.